அனைத்து வரிகளும் உட்பட

விலைமதிப்பே இல்லாத அந்தப் பொருளின் விலை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய், அனைத்து வரிகளும் உட்பட. அதன் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கர் அப்படித்தான் சொன்னது.

பொருள் வேறொன்றுமில்லை. ப்ளேஸ்டேஷன் டூவில் போட்டு ஆடுகிற கார் பந்தய டிஸ்க் ஒன்று. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ரசாக், சித்திகா கல்யாணத்துக்குப் பெண்ணின் அண்ணன் முஜீப் கொடுத்த பரிசு. போட்டு ஆடுவதற்கான மெஷினை அடுத்த மாதம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு முஜீப் துபாய்க்குப் போனார். அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை. அதனால் மேலே சுற்றிய கண்ணாடித் தாள்கூடப் பிரியாமல் அது பீரோவின் மேல்தட்டிலேயே கிடந்தது.

ரசாக்குக்கு மெஷின் வராததில்கூட வருத்தமில்லை. அந்த ஸ்டிக்கரில்தான் வருத்தம். அவர் உக்கடத்தில் பரிசுப்பொருள் கடை வைத்திருப்பவர். பரிசு என்றால் முதலில் விலையை உரிக்க வேண்டும், அப்புறம்தான் ஜிகினாத் தாள். சுவர்க்கடிகாரம், டின்னர் செட், பூ ஜாடி என்று எத்தனையோ ஆயிரம் விலைகளைச் சுவடே தெரியாமல் உரித்த கட்டைவிரல் அவருடையது. மச்சானோ விலையை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார். மேடையில் போட்டோவுக்கு நின்றபோதும் விலை தெரிகிற பக்கத்தைத்தான் கேமராவுக்குக் காட்டினார்.

சித்திகா வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். இருக்கிற சின்ன ஓவனில் ஒரு நேரத்துக்கு ஒரு கேக்தான் வேகும். ஒரே சமயத்தில் ஆறு வேகிற பெரிய ஓவனை கணபதி ஏரியாவில் ஒரு கடையில் பார்த்து வைத்திருந்தார். வண்டி வாடகையோடு அறுபத்தைந்தாயிரம். கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷனை மடித்து ஏலக்காய் டப்பாவுக்குள் வைத்து, தினமும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்.

அப்போதுதான் சோமனூரில் தறிக்கூடம் நடத்தும் மனோஜ்குமார், தன் நாற்பதாவது பிறந்தநாளுக்கு வீடியோ கேம் பெட்டி மாதிரியே ஒரு கேக் சொல்லியிருந்தார். கேக்கை வாங்க வந்தவரிடம் சித்திகா பேச்சுவாக்கில், "இதுல போடற டிஸ்க் ஒண்ணு எங்க வீட்லயும் சும்மா கெடக்குதுங்க தம்பி" என்று எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்.

மனோஜ்குமார் வாங்கித் திருப்பிப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் மேசையில் வைத்தார்.

"ஏனுங்க்கா, இதைக் குடுப்பீங்களா?"

நாற்பதாயிரத்தில் தொடங்கினார். சித்திகாவின் கண் முன்னால் ஓவன் நின்றது. அறுபத்தைந்துக்குக் கீழே அவர் இறங்கவே இல்லை. "செரீங்க்கா. ஞாயித்துக்கெழம பணத்தோட வாரேன். யாருகிட்டயும் குடுத்துப்போடாதீங்க" என்று மனோஜ்குமார் கேக்கை மறந்துவிட்டுப் படியிறங்கி, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். எதனால் அந்த விலை என்று அவர் சொல்லவே இல்லை. காரணத்தைச் சொன்னால் எண்பது கேட்பார்களே என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்திகா ஆர்.எஸ்.புரத்துக்குக் கேக் கொடுக்கப் போனார். மனோஜ்குமார் அன்று வந்தபோது கடையில் இருந்த ரசாக், டிஸ்க் பெட்டியை எடுத்துத் திருப்பினார். 'தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போதுன்னு முதுகுல எழுதி வச்சுக்கிட்டு அறுபத்தஞ்சாயிரம் கேட்டா எவன் குடுப்பான்? பணத்தை எண்ணறப்பப் பார்த்தான்னா பாதியா அடிச்சுருவானே!'

ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்துப் பத்து நிமிஷம் காட்டினார். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினார். மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்தார். கண்ணாடித் தாளில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பதினைந்து வருஷ உறுத்தல் தீர்ந்த நிம்மதியில் ஸ்டிக்கரைச் சுண்டிவிட்டார்.

பதினொரு மணிக்கு மனோஜ்குமார் பணத்தோடு வந்தார். பெட்டியைத் திருப்பினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"பாய், இதுல ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சுங்களே?"

"எந்த ஸ்டிக்கர் தம்பி?" என்றார் ரசாக், அவ்வளவு வெள்ளந்தியாக.

"வெலை போட்டதுங்க பாய்!"

"ஓ, அதுவா. பழைய வெலை நமக்கெதுக்குன்னு எடுத்துட்டேன்."

மனோஜ்குமார் நாற்காலியில் உட்கார்ந்தார். "டிஸ்க் மட்டும்னா இருநூறுங்க. பெட்டி, புஸ்தகத்தோடன்னா ஆயிரம். பிரிக்காததுன்னா ஒம்பதாயிரம். நம்ம நாட்டு வெலை ஸ்டிக்கரோட பிரிக்காததுன்னாத்தானுங்க அறுவத்தஞ்சு!"

"அப்ப அந்தத் துண்டுத் தாளுக்கு மட்டும் அம்பத்தாறாயிரமா?"

"ஆமாங்க பாய்."

ரசாக் சுலபத்தில் விடுகிற ஆளில்லை. "செரி தம்பி, ஸ்டிக்கர் இல்லாததால இப்ப இது லண்டன் சரக்கு மாதிரி ஆயிடுச்சில்ல? பாரின் சரக்குன்னா வெலை ஏறித்தான ஆகணும்?"

"லண்டன்ல இது தக்காளியாட்டக் கெடக்குதுங்க! ஜப்பான் பெட்டிக்கு ஒரு வெலை, அமெரிக்காப் பெட்டிக்கு ஒரு வெலை. நம்ம நாட்டுக்கு வந்ததே கொஞ்சமுங்க. வந்ததையும் அன்னைக்கே பிரிச்சு ஆடிப்போட்டாங்க. பிரிக்காம வச்சிருந்தது எனக்குத் தெரிஞ்சு உங்க ஊடு ஒண்ணுதானுங்க."

"ஆடறதுக்கு மெஷின் இல்லாமப் போச்சு. இருந்திருந்தா நாங்களும் பிரிச்சிருப்போம்" என்றது வாசலில் ஒரு குரல். காலி கேக் பெட்டியோடு சித்திகா நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த அரை மணி நேரம் மூன்று பேரும் தரையில் தவழ்ந்தார்கள். குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள், முட்டை ஓடுதான் வந்தது. கடைசியில் சித்திகா, "தம்பி, காலைத் தூக்குங்க" என்றார். மனோஜ்குமாரின் குதிகாலில் ஒட்டியிருந்தது அந்த ஸ்டிக்கர், பாதியாக. விலை இருந்த பாதி எந்த மூலையில் போனதோ; 'அனைத்து வரிகளும் உட்பட' மட்டும் மிச்சம்.

"திரும்ப ஒட்டிக்கலாமா?" என்றார் ரசாக், மெல்லிய குரலில்.

"பழசு சேக்கறவங்க லென்ஸ் வச்சுப் பாப்பாங்க பாய். டூப்ளிகேட்டுன்னு என்னையச் சேத்து ஒதுக்கிப்போடுவாங்க."

சித்திகா எழுந்து சேலையை உதறினார். "தம்பி, ஸ்டிக்கருக்குத்தான் காசுன்னு அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா வெலைய ஏத்திருவீங்கன்னு... பயந்துட்டனுங்க்கா."

"நீங்க ஏங்க உரிச்சீங்க?"

"பாத்தா வெலையக் கொறைச்சிருவாருன்னு..."

"ரெண்டு பேரும் நல்லாத்தான் யாவாரம் பண்ணியிருக்கீங்க. என் ஓவன் எங்க?"

மனோஜ்குமார் ஒன்பதாயிரத்தை எண்ணி வைத்தார்.

"வாயைத் தொறக்காம இருந்ததுக்கு இன்னொரு ஆறாயிரம் வைங்க."

"அக்கா! இது நாயமாங்க?"

"அடுத்த பொறந்தநாளுக்குக் கேக் வேணுமா, வேண்டாமா?"

மனோஜ்குமார் யோசித்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

ரசாக்கால் அப்போதும் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, அந்தக் கண்ணாடித் தாள்ல ஒரு கீறல் இருக்கான்னு பாருங்க. அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

மனோஜ்குமார் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஒண்ணுகூட இல்லீங்க பாய். இப்புடி உரிக்கறதுக்கு வேற ஆளே கெடையாதுங்க."

ரசாக் பெருமையோடு மனைவியைப் பார்த்தார். சித்திகா ஏலக்காய் டப்பாவைத் திறந்து கொட்டேஷனை எடுத்தார்; திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். ரசாக் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கூலி அம்பதுதானா? கடையில நூறு வாங்குவேன்."

"ஹேர் டிரையர் என்னோடது" என்றார் சித்திகா, தலை நிமிராமல்.

ஓவன், வண்டி வாடகையோடு: 65,000.
மனோஜ்குமார், பெட்டிக்கு: 9,000.
மனோஜ்குமார், வாய்க்கு: 6,000.
கண்ணாடித் தாள் கிழியாமல் உரித்த கூலி: 50.
ரசாக் தர வேண்டிய பாக்கி: 49,950.