திருப்பிப் போட்ட காட்சி

பரிசளிப்பு விழா மேடையில் குத்துவிளக்கு ஏற்றக் குனிந்தவள், நிமிரும்போது என் சேலையை நானே மிதித்துவிட்டேன். கொய்யக மடிப்பு மொத்தமும் அவிழ்ந்து காலடியில் விழுந்தது. அறுநூறு பிள்ளைகளும் சிரித்தார்கள். ஆசிரியை என்றால் சேலைதான் கட்ட வேண்டும் என்று சட்டம் வைத்தவன், ஒருநாளாவது அதைக் கட்டிக்கொண்டு மேடையேறிப் பார்த்திருக்க வேண்டும்.

அலுவலக அறையில் அற்புதராணி அக்கா சேலையைச் சரிசெய்து ஊக்குக் குத்திவிட்டார். முப்பது வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவர்.

"அழாதையுங்கோ ரீச்சர். உங்கடை அம்மா இஞ்சை படிப்பிச்ச காலத்திலை அவவுக்கும் இதே மேடையிலை சாறி அவிண்டது. பெடியள் கனநாளாச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவங்கள்."

"எப்ப அக்கா? அம்மா என்னட்டைச் சொல்லேல்லையே."

"நீங்கள் அப்ப நாலாம் வகுப்பு."

நாலாம் வகுப்பில் எனக்கு உயிரான படம் ஒன்று இருந்தது. வீடியோ கசெற் தேயத் தேயப் பார்த்தேன். அதில் ஒரு ரீச்சர், ஊரே பார்க்க, மேடையில் சேலை அவிழ்ந்து நிற்பாள். அந்த இடம் வந்தால் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருளுவேன். "இன்னொருக்கா, அம்மா!" என்று கத்துவேன்.

அம்மா போய் இரண்டு வருடம். அந்தக் காட்சிக்கு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. ஆனால் நான் கேட்ட ஒவ்வொரு தடவையும் எழும்பிப் போய், கசெற்றைப் பின்னுக்குச் சுற்றித் திரும்பவும் போட்டுவிட்டது அவர்தான்.