இரும்பு பூதத்தின் மூளை

முப்பத்தெட்டாம் வருஷம். அடையாற்றங்கரையில் ஒரு படப்பிடிப்புக் கொட்டகை. நடிகை ரத்னாவைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எதிரே ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இரும்பு பூதம் நின்றது. உள்ளே மோட்டார், வெளியே தகரம். அதைச் செய்த மெக்கானிக் காதருக்கு, பெற்ற பிள்ளை மேல் இருப்பது போன்ற பெருமை.

“பயப்படாதேம்மா. மார்ல நீட்டிக்கினு கீதே கம்பி, அது உன் மேல பட்டா கரண்ட் கட்டாயிடும். தானா நின்னுடும். மூளை வெச்ச மெஷினு.”

“நான் மனுஷின்னு அதுக்குத் தெரியுமா, நைனா?”

காதர் சிரித்தார். காலையில் பலகை ஒன்றை நிறுத்திப் பார்த்தபோது, கம்பி பட்டதுமே பூதம் பெட்டிப் பாம்பாக அடங்கியிருந்தது. அந்தத் தைரியத்தில் டைரக்டர் ரகுபதி, “சுவிட்சைப் போட்டுட்டு நகர்ந்துடும் ஓய், படத்துல விழுவீர்” என்றார். காதரும் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

காமிரா ஓடியது. பூதம் தரை அதிர வந்தது. ரத்னா வசனப்படியே அலறினாள்: “ஐயோ! யாராவது காப்பாற்றுங்களேன்!”

பாதி வழியில் அதன் கால் மணலில் சறுக்கி, உடம்பு சற்றே திரும்பியது. கம்பி தன்னை நோக்கி வராமல் ஒதுங்கிப் போவதை ரத்னா பார்த்தாள். கம்பி காற்றைத் துழாவிக்கொண்டே அவளையும் தூணையும் தாண்டியது.

“ஐயோ! காப்பாற்றுங்களேன்! நிறுத்துங்களேன்!”

ரகுபதி முகம் மலர்ந்து, ‘இன்னும் உரக்க’ என்று கையால் சைகை காட்டினார்.

இரும்புக் கை அவள் தோளைத் தூணோடு வைத்து அழுத்தியது. எப்படி அலறினாலும் நடிப்பென்றுதான் நினைப்பார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வசனத்தை விட்டுவிட்டு, குழாயடியில் கத்துவது போலக் கத்தினாள்:

“காதர் நைனா! கம்பி தப்பிப் பூட்ச்சு! மெய்யாலுமே நசுக்குது!”

காதர் பாய்ந்து வந்து, தரையில் கிடந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தார். பூதம் நின்றது.

அவரே ரத்னாவின் கட்டை அவிழ்த்துவிட்டார்.

“தானா நிக்கும்னியே!”

“பட்டா நிக்கும். அவ்ளோதாம்மா அதுக்குத் தெரியும்.”

மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார் ரகுபதி. ரத்னா தோளில் ஈரத்துணியை வைத்துக்கொண்டே சொன்னாள்: “எடுக்கலாம் சார். சுவிட்சுல ஒரு மனுஷன் கை இருக்கணும். இல்லாட்டி நீங்க வந்து தூண்ல நில்லுங்க.”

சுவிட்சில் இருக்கும் ஆள் படத்தில் விழாதபடி காமிராவைத் தள்ளி வைக்கச் சொன்னார் ரகுபதி.

காதர் சுவிட்சில் கை வைத்து உட்கார்ந்தார். இந்த முறை அவர் பூதத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ரத்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உதடு லேசாகத் துடித்ததுதான் தாமதம், சுவிட்சை அணைத்துவிட்டார். பூதம் நாலடி தள்ளியே நின்றுவிட்டது.

ரகுபதி தலையில் அடித்துக்கொண்டார்.