ஈரக்கல்

நிலக்கரிச் சுரங்கத்தின் கூரைப் பாறையில் ஒரு கீறல் விழுந்தால், எவ்வளவு பாரம் வரை அது பிளந்து ஓடாமல் நிற்கும் என்று கண்டு சொல்வதுதான் ரேலீனின் வேலை. ஆஸ்திரேலியாவின் மக்காய் நகரத்துப் பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக அதைச் செய்துவந்தாள். கூரையில் துளையிட்டு எடுத்த உருளைக் கல்லை அரைவட்ட வில்லைகளாக அறுப்பாள். நடுவில் மெல்லிய வெட்டுப் போட்டு, பிளக்கும்வரை இயந்திரத்தில் அழுத்துவாள்.

மார்ச்சில் ஒரு சுரங்கத்திலிருந்து வந்த பெட்டியில், கற்களைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கிழிந்துகிடந்தது. ஈரமெல்லாம் காய்ந்துவிட்டது. காய்ந்த கல், கூரையில் ஈரத்தோடு இருக்கும்போது இல்லாத உறுதியைக் காட்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வேலை குவிந்துகிடந்தது. அப்படியே சோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். அவள் கொடுத்த எண்ணை நம்பி, அங்கே கூரைப் பாறையைப் பிடித்து நிறுத்தும் இரும்பு ஆணிகளை எட்ட எட்ட அடித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அதே கூரையிலிருந்து இன்னொரு கல் வந்தது, கட்டுக் குலையாமல், ஈரத்தோடு. பாதிப் பாரத்திலேயே பிளந்தது. இன்னும் இரண்டு வில்லை அறுத்துப் பார்த்தாள். அவையும் அப்படியே.

சுரங்கப் பொறியாளர் டெஸ்மண்டுக்குப் போன் போட்டாள்.

"டெஸ், ஆளுங்கள வெளிய எடு. நான் குடுத்த நம்பர் தப்பு."

"மூணு வாரமா அத வெச்சுதானே ஓட்டிட்டிருக்கோம்?"

"திட்டறத அப்புறம் திட்டு. மொதல்ல எடு."

அவன் உடனே எடுத்தான். அதில் குறை சொல்ல முடியாது. எட்டுப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். ஆணி அடிக்கும் ஹார்வி விக்கரி கடைசியாக வந்துகொண்டிருந்தான். தண்ணீர் சொட்டும் ஒரு முனையில் கூரை அவன்மேல் இறங்கியது. உடலை எடுக்க இரண்டு நாளாயிற்று.

கற்கள் வந்த நிலைக்குச் சுரங்கமே பொறுப்பு என்று மட்டும் விசாரணையில் சொல்லச் சொல்லியிருந்தார் ரேலீனின் வக்கீல். அது பொய்யும் அல்ல. ஆனால் அவள், கிழிசலைத் தான் பார்த்ததாகவும், அறிக்கையில் அதை எழுதாமல் விட்டதாகவும் சொன்னாள். வக்கீல் குனிந்து காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

வெளியே ஹார்வியின் மனைவி மோரீன் அவளிடம் வந்தாள்.

"அத எழுத எவ்ளோ நேரம் ஆகியிருக்கும்?"

"ஒரு நிமிஷங்கூட ஆகாது."

"உண்மையச் சொன்ன. அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத."

ரேலீன் வேலையை விடுமுன், தான் கையெழுத்திட்ட அறிக்கைகள் அத்தனையையும் எடுத்துப் பார்த்தாள். காய்ந்த கற்கள் இன்னும் இரண்டு சுரங்கங்களிலிருந்து வந்திருந்தன. அங்கே ஆணிகளை நெருக்கி அடிக்கச் சொல்லி எழுதிவிட்டுத்தான் போனாள்.