சுடாத ஓரத்து மூட்டை

ஒரு தக்காளிச் செடி தலையைத் தொங்கப்போட்டதற்கா இப்படி அலறுவாள் ஒருத்தி என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது. அலறியவள் மெட்டில்டா, பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். காலையில் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஆராதனைக்குக் கிளம்பும்போது நிமிர்ந்து நின்ற செடி அது. மத்தியானம் சேலை மாற்ற வீட்டுக்கு வந்தால் துவண்டு கிடக்கிறது. தொட்டியில் ஈரம் இருக்கிறது, ஓர் இலைகூடப் பழுக்கவில்லை, பச்சையாகவே வாடியிருக்கிறது. போன வருஷம் அவள் தோட்டத்தைக் காலி செய்த வாடல் நோயும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"ஏங்க! சீக்கிரம் வாங்க!"

அவள் வீட்டுக்காரர் ஜெபராஜ், தாம்பரத்தில் ரயில்வே கிளார்க், கைலியை இறுக்கிக்கொண்டே வந்தார்.

"இந்தத் தொட்டிக்கு எந்த உரம் போட்டீங்க?"

"கோயில் ஏலத்துக்குன்னு போன மாசம் ஒரு மூட்டை குடுத்தோமே, அதுல மிஞ்சினது."

"அதை எங்கேருந்து அள்ளுனீங்க? குவியலுக்கு நடுவுலேருந்துதானே?"

"நடுவுலயா? கையை வச்சா சுடுது மெட்டில்டா! ஓரத்துல நல்லா ஆறி, பொலபொலன்னு இருந்துச்சு. அதைத்தான் அள்ளினேன்."

ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்வது! நோய் வந்து செத்த செடியை எரிக்க வேண்டாம், இலைதழையோடு சேர்த்துக் குவித்து மக்கவிட்டால் உள்ளே ஏறுகிற சூட்டில் கிருமி வெந்து செத்துவிடும் என்று வருஷம் பூராவும் சபைக்கே பாடம் எடுத்தவள் மெட்டில்டா. குவியலுக்குள் முட்டையைப் புதைத்து, அரைவேக்காடாக எடுத்துக்கூடக் காட்டியிருக்கிறாள். ஆனால் ஓரத்தில் அந்தச் சூடு ஏது? ஓரத்துத் தழையைக் கிளறி உள்ளே தள்ளினால்தானே அதுவும் வேகும்! கிளறுகிற பொறுப்பு ஜெபராஜுடையது. அவர் மேலாக ரெண்டு கிண்டு கிண்டிவிட்டுப் பேப்பர் படிக்கப் போயிருக்கிறார்.

"வண்டியை எடுங்க. மூட்டை ஏலத்துக்கு வந்துடும். ரத்தினபாய் அக்கா அதுக்குன்னே உக்காந்திருக்காங்க."

"சாப்பிட்டுட்டுப் போலாமே…"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க, எடுங்க!"

ரத்தினபாய் புருஷனை இழந்தவள். தக்காளி நாற்றும் கத்தரி நாற்றும் விற்றே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். கீழ்க்கட்டளை வரைக்கும் அவள் நாற்றுதான் போகிறது. அந்த மூட்டை அவள் நாற்றங்காலில் விழுந்தால் பிழைப்பே போச்சு. நாற்று போகிற வீடெல்லாம் நோயும் போகும்.

டிவிஎஸ் ஃபிஃப்டி பறந்தது. பறந்தது என்றால், அதனால் முடிந்த அளவுக்கு. மெட்டில்டா மடியில் தொட்டியைக் கட்டிக்கொண்டு, "இன்னும் வேகமா! இன்னும்!" என்று கத்திக்கொண்டே வந்தாள். மேட்டில் வண்டி திணறியதும் குதித்து இறங்கி, தொட்டியோடு ஓட ஆரம்பித்துவிட்டாள். ஜெபராஜ் பின்னாடியே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கோயில் வளாகத்தில் ஷாமியானாவுக்குக் கீழே ஏலம் களைகட்டியிருந்தது. மைக்கில் ஏசுபாதம். அவருக்கு மைக்கே தேவையில்லை, அப்படி ஒரு தொண்டை. அங்கே ஏலம் எடுக்கிற எல்லாரும் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, பாதிப் பேர் ஆண்டவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அது மறுபடி ஏலத்துக்கு வரும். காலையிலிருந்து ஒரே பூசணிக்காய் நாலு கை மாறியிருந்தது.

"டீச்சர் வீட்டு உரம்! ரத்தினபாய் அம்மா கேட்டிருக்காங்க! ஒரு தரம்! ரெண்டு தரம்!"

"அதுக்கு மேல பத்து!" மெட்டில்டா வாசலிலிருந்தே கத்தினாள்.

"மூணு தரம்! டீச்சருக்கே!"

அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடியவில்லை.

"டீச்சர் தன் பொருளைத் தானே எடுத்து ஆண்டவருக்கே திரும்பக் குடுக்கறாங்க! ஸ்தோத்திரம்! மறு ஏலம்!"

ஒரே கைதட்டல். "இல்ல, இல்ல!" என்று அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. ரத்தினபாய் மறுபடி கை தூக்கினாள். மெட்டில்டா முண்டியடித்துப் போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"யாரும் எடுக்காதீங்க! அந்த உரத்துல நோய் இருக்கு!"

கூட்டம் சிரித்தது. ரத்தினபாய் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னா டீச்சர், சூட்டுல எல்லாம் செத்துப்பூடும்னு சொன்னது நீங்கதானே? மூட்டை எனுக்கு வர்றது புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்கோ."

அந்தப் பேச்சு மெட்டில்டாவைச் சுருக்கென்று தைத்தது. பாதிரி ஐயர் மேஜையில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருந்தது. செடியைப் பிடுங்கினாள், பூசணிக்காய் பக்கத்தில் கிடந்த கத்தியால் வேருக்கு மேலே தண்டை அறுத்தாள், அறுத்த முனையைத் தண்ணீரில் தொடும்படி பிடித்தாள். கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு குனிந்தது.

"ஒண்ணும் காணோமே," என்றார் ஏசுபாதம்.

வரக் கூடாது ஆண்டவரே என்று இருந்தது அவளுக்கு. வராவிட்டால் யார் நம்புவார்கள் என்றும் இருந்தது. அப்போது தண்டின் முனையிலிருந்து வெள்ளையாக, பாலை நூலாக இழுத்த மாதிரி ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. இன்னொன்று. இன்னொன்று.

"அய்யய்யோ!" என்றது கூட்டம்.

"இதெல்லாம் கிருமி அக்கா. அந்த மூட்டையில மிஞ்சின உரத்தைத்தான் இந்தச் செடிக்குப் போட்டோம். நடுவுல இருந்தது வெந்து செத்திருக்கும். மூட்டையில இருக்கறது ஓரத்து உரம். கிளறாம விட்டுட்டோம். தப்பு எங்களோடதுதான்."

ரத்தினபாய் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "என் நாத்து பூரா போயிருக்குமே டீச்சர்," என்றாள் மெதுவாக. சட்டென்று நிமிர்ந்து ஏசுபாதத்தைப் பார்த்தாள். "ஏலம் இன்னும் முடியலல்ல? நான்தானே கடசீயா கேட்டேன்? போடுங்கோ மூணு தரம்."

"அக்கா, வேணாம்!"

"சும்மாருங்கோ டீச்சர். நான் எடுத்து, உங்க வூட்டு குவியலுக்கே திருப்பிக் குடுக்கறேன். நட்ட நடுவுல போட்டு வேக வுடலாம். கிளர்றது மட்டும் நானு. சார் கையில மம்பட்டிய குடுக்காதீங்கோ."

ஷாமியானாவே அதிர்ந்தது. அப்போதுதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஜெபராஜ், எதற்கென்று தெரியாமலே எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். மெட்டில்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ரத்தினபாயைக் கட்டிக்கொள்ளப் போனாள். ரத்தினபாய் ரெண்டடி பின்னால் தாவினாள்.

"அந்தக் கையோட என்னாண்ட வராதீங்கோ! என் நாத்து வூட்ல கீது. சோப்பு போட்டுக் கழுவிக்கினு வாங்கோ, அப்பால கட்டிக்கலாம்."