அண்ணன் பேரில் நின்ற நெஞ்சு

உடும்பஞ்சோலைக்கு மேலே இருந்த அந்த ஏலத் தோட்டத்தில் ஒருவர் பேருக்கு இன்னொருவர் குரல் கொடுப்பது குற்றமே இல்லை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடும்போது அண்ணனுக்குத் தம்பி, மாமியாருக்கு மருமகள் என்று யாராவது "இருக்கேன்" என்பார்கள். கங்காணி தலையை எண்ணுவாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார். அதனால் எழுபத்து நாலாம் வருஷம் நெஞ்சுப் படம் எடுக்கும் வண்டி மலையேறி வருகிறது என்றதும் சுருளியம்மாளுக்கு அந்த யோசனை வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

அவள் புருஷன் குருசாமி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பெரிக்கிறவன். புகை குடித்துக் குடித்து ஓயாத இருமல். படத்தில் புள்ளி விழுந்தால் காசநோய் என்று பேரை வெட்டி, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் பிடுங்கிக்கொள்வார்கள். போன வருஷம் சாந்தம்மாள் குடும்பம் சட்டிபானையோடு கம்பத்துக்கு இறங்கிப் போனதை அவளே கண்ணால் பார்த்தாள்.

கொழுந்தன் சின்னமுத்துவிடம் போனாள். அவன் கூலிக்கு விறகு வெட்டுகிறவன். தோட்டத்தில் பேர் பதியாதவனுக்குப் படமும் கிடையாது. பீடியும் சிரிப்புமாகத் திரிவான். ஒரு நாள் இருமியதில்லை.

"அண்ணனுக்காக ஒரு தடவ போயி நில்லுப்பா."

"இதுக்கா இம்புட்டு யோசன, மதினி? சட்டையக் கழட்டிட்டு நிக்கணும், அம்புட்டுத்தான?"

போய் நின்றான். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தான்.

சில வாரத்தில் குருசாமியை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். சுருளியம்மாளும் கூடப் போனாள். அங்கே அவனைப் பெரிய படம் எடுத்து, இரண்டு படத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார் டாக்டர்.

"வண்டியில எடுத்த படத்துல வலது பக்கம் சின்னக் கட்டி இருக்கு. புத்துநோயா இருக்குமோன்னுதான் கூப்பிட்டோம். இந்த அளவுல பிடிச்சா அறுத்து எடுத்துரலாம், ஆளு பிழைச்சுக்கலாம். ஆனா உங்களுக்கு ஒண்ணும் இல்ல, வெறும் புகை இருமல். வேற யாரோட படமோ மாறி வந்திருக்கு. அது யாருன்னு தெரிஞ்சா நல்லது."

சுருளியம்மாள் வாயைத் திறந்தாள். குருசாமி அவள் கையை அழுத்தினான். மூடிக்கொண்டாள்.

"ஆள மாத்தி நிறுத்துனோம்னு தெரிஞ்சா பேர வெட்டிருவாக," என்றான் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது. "பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போக?"

"தம்பிகிட்டயாவது சொல்லுவோம்."

"அவன் வாயி நிக்குமா? ஊரக் கூட்டிருவான். கல்லு கணக்கா இருக்கான், அவனுக்கு என்ன நோவு? மிஷினு தப்பாக் காட்டியிருக்கும்."

அவளும் நம்பினாள். தனக்குச் சௌகரியமானதை நம்புவதற்கு மனுஷருக்கு அதிக நேரம் ஆவதில்லை. படம் சுத்தம், அண்ணனுக்கு நோயில்லை என்று அவர்கள் சொன்னதைக் கேட்ட சின்னமுத்து அன்றே ஆட்டுக்கறி வாங்கி வந்தான். சமைத்துப் பரிமாறினாள். தன் பங்குக் கறியையும் அவன் தட்டிலேயே போட்டாள்.

மறு வருஷம் சித்திரையில் சின்னமுத்து ரத்தமாக இருமினான். அதே ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். கட்டி நெஞ்சு முழுக்கப் பரவிவிட்டது, இனி கத்தி வைக்க முடியாது என்றார். அதோடு விடவில்லை, கோபப்பட்டார்.

"உங்க தோட்டத்துக்குப் படம் எடுக்குற வண்டி வந்துச்சே, நீ எடுக்கலையா?"

சின்னமுத்து மூச்சு வாங்கிக்கொண்டே, ஏதோ சாதித்தவனைப் போலச் சொன்னான்: "எடுத்தேன்யா. அண்ணன் பேருல நின்னேன். என் படம் சுத்தமா இருக்கப்போயித்தான் அண்ணனுக்கு வேல நெலச்சுச்சு. அண்ணனக் கூப்பிட்ட அன்னைக்கு மதினியும் இங்க வந்திருந்தாக, கேட்டுப் பாருங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். குருசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஆமாங்கய்யா," என்றாள் சுருளியம்மாள். "சுத்தமாத்தான் இருந்துச்சு."