நின்ற இடம்

"குதிரையை விட்டு இறங்கு," என்றான் சின்னண்ணன். "ஏத்தத்துல அதுக்கு மூச்சு வாங்குது பாரு."

"அதுக்கு எங்கண்ணா மூச்சு வாங்குது? இந்தக் குதிரைக்குக் களைப்பே கிடையாதுன்னு நீதானே திட்டிக்கிட்டு இருந்தே. மூச்சு வாங்குறது உனக்கு."

"இறங்குன்னா இறங்கு."

தங்கை விரலை அசைத்தாள். டிவியில் இருந்த வீரன் குதிரையை விட்டிறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் நடக்க ஆரம்பித்தான்.

கட்டில் கூடத்திலேயே கிடந்தது. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய அன்று சின்னண்ணன் போட்ட ஒரே நிபந்தனை அது. உள்ளறையில் கிடந்து விட்டத்தைப் பார்க்க மாட்டேன், மலை தெரிகிற இடத்தில் போடுங்கள் என்றான். மலை என்றது டிவியில் இருந்த மலையை.

விரல்களில் பிடி போனதிலிருந்து ஆட்டக் கருவி அவள் கைக்கு வந்திருந்தது. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். டிரைவிங் ஸ்கூலில் எல்லோருக்கும் அவள் மாஸ்டர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக், கிளட்ச் என்று கத்துவதுதான் பிழைப்பு. இப்போது அவள் ஓட்ட, படுத்தபடி அவன் கத்தினான். ஊரில் அவளிடம் திட்டு வாங்கியவர்களுக்கெல்லாம் சேர்த்துப் பழி வாங்குகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வீடியோ ஆட்டத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் பேருக்குத்தான். ஒரு பெரிய நிலம், ஒரு குதிரை. எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஏன் போனாய் என்று கேட்க நாதியில்லை. முதல் பாகம் வந்தபோது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவள் கல்லூரியில் இருந்தாள். இரண்டு பேரும் அதிலேயே பழியாய்க் கிடந்தார்கள். நிலத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு மலை தெரியும். அதற்கு வழி தேடியே வருடக் கணக்காக அலைந்தார்கள். கடைசியில் பார்த்தால், அது மலையே இல்லை. வானத்தோடு சேர்த்து வரைந்து வைத்த படம்.

இன்னொரு மடத்தனமும் செய்தார்கள். ஒரு நாள் மழையில் நின்ற குதிரை கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழுந்து செத்தது. நனைந்ததால்தான் செத்தது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து தூறல் விழுந்தாலே குதிரையை மரத்தடியில் நிறுத்திவிட்டு, மழை விடும்வரை டீயைக் குடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அது பாம்பு கடித்துச் செத்த குதிரை என்று ரொம்ப நாள் கழித்து யாரோ சொன்னார்கள். அப்புறமும் பழக்கம் போகவில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த அண்ணி ஒரு நாள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கழுதைங்க சேர்ந்து ஒரு குதிரைக்குக் குடை பிடிக்குதுங்க," என்றாள்.

பத்து வருடத்துக்கு மேல் காக்கவைத்து இரண்டாம் பாகம் வந்தது. அதற்குள் அவன் உடம்பில் நோய் வந்து குடியேறியிருந்தது. வாங்கிய அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நன்றாக இருக்க வேண்டுமே என்று ஒரு தவிப்பு. கெட்டுக் குட்டிச்சுவராகி இருந்தால் நிம்மதியாகத் திட்டலாமே என்று இன்னொரு ஆசை. ஆட்டம் திறந்தது. புல் அசைந்தது. வடக்கே மலை இருந்தது, இந்த முறை கால் வைத்து ஏறக்கூடிய மலை. அவன் அதையே பார்த்தான், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்போது பார்த்துத் திரையின் மூலையில் ஒரு அம்புக்குறி வந்து, மலைக்கு இந்த வழி என்றது.

"எனக்கு வழி காட்ட நீ யாருடா?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினான். "மழையில நனையாத குதிரை. தூக்கமே வராத வீரன். எங்க பார்த்தாலும் அம்பு. இது என்ன நிலமா, பஸ் ஸ்டாண்டா?"

அம்புகளையெல்லாம் அணைத்தான். இருந்ததிலேயே கடினமான முறையைத் தேர்ந்தெடுத்தான். அந்த முறையில், வழியில் இருக்கும் குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வந்த தூரம் கணக்கில் ஏறும். நடுவில் விழுந்தாலோ, கரண்ட் போனாலோ பழையபடி கடைசிக் குடிசைதான். ஆனால் அதிலும் ஆட்டத்தைச் செய்தவர்களுக்கு மனம் கேட்கவில்லை. குடிசைக்குத் திரும்பியவனைப் பார்த்து, "நின்ற இடத்துக்கே திரும்பலாமா?" என்று ஒரு பொத்தானை நீட்டினார்கள். அவன் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றான். சும்மா சொல்லவில்லை, அந்தக் கம்பெனிக்காரர்களின் பரம்பரையையே இழுத்துவைத்துச் சொன்னான். "விழுந்தா விழுந்ததுதான். அந்தப் பொத்தானை நான் செத்தாலும் அமுக்க மாட்டேன்."

அவன் லிப்ட் மெக்கானிக். ஊரையே ஒரு பொத்தானில் மேலே தூக்கிவிடுகிறவன், ஆட்டத்தில் மட்டும் நடந்துதான் ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"பிடிக்கலைன்னா விட்டுத் தொலைங்களேன்," என்பாள் அண்ணி.

"பிடிக்கலைன்னு யார் சொன்னா?" என்பான்.

இப்போது மலையடிக் குடிசையை விட்டு வெகுதூரம் வந்திருந்தார்கள். உச்சிக்குப் பக்கத்தில் அடுத்த குடிசையின் புகை தெரிந்தது. இவ்வளவு உயரம் அவன் வந்ததே இல்லை.

"நில்லு," என்றான். "அப்படியே திரும்பு. கீழ பார்த்துக்கறேன்."

அவள் திருப்பினாள். முதல் பாகத்தின் நிலம் முழுக்கக் கீழே கிடந்தது. ஆறு, மரப்பாலம், அவர்கள் குதிரையைப் புதைக்க இடம் தேடிய மேடு, எல்லாம் கையகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தன. இந்த ஆட்டத்தைச் செய்தவனை அவள் மனதுக்குள் ஒரு முறை மன்னித்தாள்.

"போலாமா அண்ணா?"

பதில் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிறான், பார்க்கட்டும் என்று விட்டாள். கண்கள் திறந்துதான் இருந்தன. சமையலறையிலிருந்து அண்ணி கஞ்சியோடு வந்து, அவன் முகத்தைப் பார்த்து, கிண்ணத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் தங்கைக்குப் புரிந்தது.

பெரியண்ணன் வந்ததும் வீடு அவன் கைக்குப் போனது. ஓட்டலில் மேனேஜர் அவன். கல்யாணமோ சாவோ, நாற்காலியை எங்கே போடுவது என்பதுதான் முதலில் கண்ணில் படும். போன் பேசிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தவன் டிவியைப் பார்த்து நின்றான். சரிவில் வீரன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

"முதல்ல இதை அணை. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

அவள் ஒரு போர்வையை எடுத்து டிவியை மூடினாள். ஆட்டப்பெட்டியின் சின்ன விளக்கு மட்டும் போர்வைக்குள் எரிந்தது. "இது போதும்."

உடலை வைக்கக் குளிர்பெட்டி வந்து இறங்கியபோதுதான் உண்மையான சண்டை. பெட்டிக்காரர் சுவர் சுவராகப் பார்த்துவிட்டு, "இதுக்கு அந்தப் பெரிய பிளக்தான் தாங்கும்," என்று டிவிக்குப் பின்னால் கையைக் காட்டினார். பெரியண்ணன் கையை நீட்டினான். அவள் சுவரில் முதுகைச் சாய்த்துப் பிளக்கை மறைத்து நின்றுகொண்டாள்.

"நகரு."

"முடியாது."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? தம்பி செத்துக் கிடக்கான், நீ பொம்மை ஆட்டத்துக்குக் காவல் நிக்கிற."

"ஆமா, நிக்கறேன். கடைசியா சின்னண்ணன் ஏறி வந்த தூரம் அதுக்குள்ள இருக்கு. அணைச்சா எல்லாம் போச்சு. மேல இருக்கற குடிசையில கொண்டுபோய்ச் சேர்க்கறவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"நாலு பேர் வர்ற இடத்துல..."

"தூக்கறதுக்கு நாலு பேர் வந்தாப் போதும். பேசறதுக்கு யாரும் வர வேணாம்."

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சின்னண்ணனின் சட்டைப் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. அண்ணிக்கு இந்த ஆட்டம் சக்களத்தி மாதிரி என்று எல்லோருக்கும் தெரியும். அணைக்கச் சொல்கிறாளா, விடச் சொல்கிறாளா? ஒன்றும் தெரியவில்லை. ஒருவேளை சொன்னாலும் நகரக் கூடாது என்று தங்கை முடிவு செய்துகொண்டாள்.

அந்த நேரத்துக்கு லிப்ட் கம்பெனி ஆட்கள் சீருடையோடே வந்தார்கள். முன்னால் வந்தவன் கிரீஸ். சின்னண்ணனோடு வருடக் கணக்காகச் சேர்ந்து வேலை பார்த்தவன். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாததால் அந்தப் பெயர். கட்டிலருகே போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுது முடித்துத் திரும்பியபோது, பிளக்கை மறைத்து நின்றவளையும் முறைத்துக்கொண்டு நின்றவனையும் பார்த்தான். விஷயத்தைக் கேட்டான்.

"மலை மேலயா நிக்குது?" என்றான். அவனுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. "அணைக்கறதாவது! மாஸ்டர், நீங்க நகர வேணாம். மீட்டர்லேருந்து குளிர்பெட்டிக்குத் தனியா ஒரு லைன் இழுத்துத் தர்றேன். அதுபாட்டுக்கு அது ஓடட்டும், இதுபாட்டுக்கு இது ஓடட்டும்."

அவளுக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கிரீஸ் வண்டியிலிருந்து ஒயர் சுருளைக் கொண்டுவந்தான், அளவெடுத்தான், வாசல் பக்கம் மீட்டர் பெட்டிக்குப் போனான். பெரியண்ணன் தோற்றுப்போன முகத்தோடு நாற்காலிகளைப் போட்டான்.

டக் என்று ஒரு சத்தம். மின்விசிறி வேகம் குறைந்து நின்றது. போர்வைக்குள் இருந்த சின்ன விளக்கு அணைந்தது.

வாசலிலிருந்து கிரீஸ் ஓடி வந்தான், கையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே இருந்தது. தான் செய்தது அவனுக்கே அப்போதுதான் உறைத்திருந்தது.

"மாஸ்டர்... கை தானா மெயினை அணைச்சிடுச்சு. மெயினை அணைக்காம ஒயர்ல கை வைக்கறவன் என்கூட வேலைக்கு வராதேன்னு சொல்லிச் சொல்லி... அவர்தான்..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீடு என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தாள். காலையிலிருந்து யாரை எதிர்த்துக் காவல் நின்றாளோ அவன் பேசாமல் நிற்கிறான். அணைத்தது சின்னண்ணன் கற்றுக்கொடுத்த பாடம். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று அவள் முதல்முறையாக அழுதது அப்போதுதான். பெரியண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையில் கை வைத்தான்.

"உன் மேல தப்பில்ல," என்று கிரீஸிடம் சொன்னாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ அணைக்காம கை வச்சிருந்தா சின்னண்ணன் எழுந்து வந்து உன்னை அறைஞ்சிருப்பாரு."

சாயங்காலம் எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் இன்னும் முழுதாகப் போகவில்லை. கட்டிலை எடுத்துவிட்டதால் கூடம் பெரிதாகத் தெரிந்தது. அவள் போர்வையை உருவினாள், ஆட்டப்பெட்டியை உயிர்ப்பித்தாள். அடுக்கிய நாற்காலிகளின் பக்கத்தில் நின்றிருந்த பெரியண்ணனும் திரையைப் பார்த்தான்.

மலையடிக் குடிசை. வாசலில் குதிரை. நடுவில் அந்தக் கேள்வி: நின்ற இடத்துக்கே திரும்பலாமா?

"இதை அமுக்கினா காலையில இருந்த இடத்துக்குப் போயிடுமா?" என்றான் பெரியண்ணன்.

"போயிடும்."

"அப்புறம் என்ன? அமுக்கேன். மனசுக்கு ஆறுதலா இருக்கும்." கொஞ்சம் தயங்கி, "வேணும்னா நான் அமுக்கறேன். பழி என் மேல இருக்கட்டும்," என்றான்.

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரே ஒரு அமுக்கு. பாறை, சரிவு, கீழே கையகலத்தில் அந்த நிலம். சின்னண்ணன் கடைசியாகப் பார்த்தது. "போலாமா அண்ணா" என்று அவள் கேட்ட இடம். அவள் கட்டைவிரல் பொத்தான் மேல் போய் உட்கார்ந்தது. இந்தக் கேள்வியை யோசித்து வைத்தவன் எங்கேயோ ஒரு ஏசி அறையில் இருக்கிறான். யாருக்கும் எதுவும் போய்விடக் கூடாது என்று நினைத்திருக்கிறான், பாவி. போனது போனதுதான் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

விரலை எடுத்தாள்.

"வேணாம்," என்றாள். "அவர் போட்ட சட்டம். அவர் இல்லைங்கறதுக்காக மாத்த முடியாது. மொதல்லேருந்து ஏறுறேன்."

"மறுபடியும் மொத்தமுமா?"

"மொத்தமும். நடந்து."

வேண்டாம் என்பதை அமுக்கினாள். கேள்வி மறைந்தது. வீரன் குதிரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான். உள்ளறையிலிருந்து அண்ணி வந்து, கட்டில் கிடந்த இடத்தில், வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அடிவாரத்தைத் தாண்டும்போது வானம் கறுத்துத் தூற ஆரம்பித்தது. தங்கை மேலே பார்த்தபடி நடத்திக்கொண்டு போனாள். புது ஆட்டத்தில் மழை ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் குதிரை மேல் பட்டு வழுக்கி ஓடும், ரோமம் கூட ஒட்டாது.

"குதிரை நனையுது," என்றாள் அண்ணி.

தங்கை திரும்பிப் பார்த்தாள். அண்ணியின் கண் திரையில் இருந்தது.

"அந்த மரத்தடியில நிறுத்து. விட்டதும் போகலாம்."

அவள் குதிரையை மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள், கருவியை மடியில் வைத்தாள். பெரியண்ணன் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தான். மூன்று பேரும் மழை விடுவதற்காகக் காத்திருந்தார்கள்.