வந்தாடும் அணி

சுபாஸ் கடைசியாகக் கேட்டது, பருந்தா பூனையா என்பதைத்தான்.

ஜெஸ்லியா கிணற்றடியில் குந்தியிருந்து ஓரா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கைபேசி வாளியோடு சாய்ந்து நின்றது. மெல்பேணில் இருந்த புருசனின் நெற்றியும் ஒரு காதும் மட்டும் அதில் தெரிந்தன.

"கெதியாச் சொல்லு. நாளைக்கு ஆட்டம் தொடங்கினாப் பூட்டிப்போடுவாங்கள்."

"பூனை."

"ஏன்?"

"முன்னால இருந்து என்ர கையையே பாத்துக்கொண்டிருக்குது."

"ஐயோ ஜெஸி! ஆருக்குக் காயம், ஆர் விளையாடேல்லை எண்டு நான் விடிய விடியப் படிக்கிறன். நீ மீன் வெட்டுற இடத்தில பூனையைப் பாத்துச் சொல்லிப்போட்டுப் புள்ளியில எனக்கு மேல நிக்கிறாய்."

"அப்ப நீங்களும் ஒரு பூனை வளருங்கோவன்."

அவன் சிரித்தான். சிரிப்பு முடியுமுன் லைன் விட்டுப்போயிற்று. அது வழமைதான். திரும்ப எடுப்பதற்காக அவள் கை கழுவவில்லை.

கலியாணம் முடித்த அடுத்த வருடம் வள்ளத்தில் ஏறிப் போனவன் அவன். அந்த நாட்டில் இருக்க விட்டார்கள். அவளைக் கூப்பிடவும் விடவில்லை, வந்து பார்த்துப் போகவும் விடவில்லை. பத்து வருடங்களுக்கு மேல் போனில் குடும்பம் நடத்தினார்கள். சாப்பிட்டாச்சோ, மழையோ, விசா என்ன மாதிரி என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாத ஒரு காலம் வந்தது. அப்போதுதான் அந்த ஆட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும் ஆடும், அந்த ஊருக்கே உரிய உதைபந்து. அவன் வேலை செய்த கோழித் தொழிற்சாலையில் எல்லோரும் சேர்ந்து போனில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். பருந்து, பூனை, அன்னம், காகம் என்று அணிகளுக்குப் பட்டப்பெயர்கள்; ஒவ்வொரு வாரமும் எந்த அணிகள் வெல்லும் என்று முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்கியதும் பூட்டு விழும்; அதன் பிறகுதான் ஆர் எதைக் குறித்தார் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். ஜெஸ்லியாவையும் அதில் சேர்த்துவிட்டிருந்தான். அவள் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை.

அவனுடைய அணி செயின்ற் கில்டா. அந்த அணிக்குப் 'புனிதர்கள்' என்று பட்டப்பெயர். போன புதிதில், குளிரில் நின்றவனுக்குக் கோயிலில் ஆரோ ஒரு கிழவர் தன் கழுத்தில் கிடந்த சிவப்பு வெள்ளை கறுப்புச் சால்வையைக் கழற்றிப் போட்டாராம். அன்றைக்கே அவன் அந்த அணிக்காரன் ஆகிவிட்டான். அதே மாதிரி இன்னொரு சால்வை வாங்கிப் பேசாலையில் இருந்த அவளுக்கும் அனுப்பினான். அது அலுமாரிக்குள் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அங்கே இரவாட்டம் தொடங்கும். மாமி றோசம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் இருப்பாள்.

"எந்தப் புனிதரடா?" என்று அவள் முதல் நாளே மகனிடம் கேட்டாள்.

"தெரியாதம்மா. பொதுவாப் புனிதர்."

"பொதுவா ஒரு புனிதரும் இல்லை." அது அந்தோனியார்தான் என்று அவளே முடிவுகட்டி, ஆட்டத்துக்கு ஆட்டம் மெழுகுதிரி கொளுத்தினாள். புனிதர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றார்கள்.

"அந்தோனியார் துலைஞ்ச சாமானைத்தான் எடுத்துத் தருவார்" என்றார் மாமா பிலிப்பு, பொத்திக்கொண்டிருந்த வலைக்கு நடுவில் இருந்தபடி. "தோக்கிறவங்களை வெல்லவைக்க அவருக்கென்ன விசரோ?"

இலக்குக் கம்பங்களுக்கு நடுவால் பந்து போனதும் ஒருவர் இரண்டு வெள்ளைக் கொடிகளை எடுத்து ஆட்டுவார். அது மாமிக்குப் பிடிக்காது. "செத்தவீட்டுக் கொடியை ஏன் உவன் தூக்கித் தூக்கி ஆட்டுறான்?" என்று முகத்தைத் திருப்புவாள். அதைவிடப் பிடிக்காதது, 'பிசாசுகள்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த இன்னொரு அணி. அந்த வீட்டில் ஒருவரும் அதைக் குறிக்கக்கூடாது.

"அவங்கள் நல்லா விளையாடுறாங்கள் அம்மா. உங்களால எனக்குப் புள்ளி போகுது."

"போகட்டும். என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, தொடமாட்டன் எண்டு."

"தலை இங்க எட்டாதே."

"போனில அடி."

சிரித்துக்கொண்டே கண்ணாடியில் தட்டிச் சத்தியம் பண்ணினான். அதைக் காப்பாற்றவும் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை றிபாத் எடுத்தான். எருக்கலம்பிட்டிப் பொடியன், சுபாசோடு ஒரே வீட்டில் இருந்தவன். "அக்கா, மாமா பக்கத்தில நிக்கிறாரோ?" என்று கேட்டான். அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

இரண்டு பேரும் கடற்கரைப் பாறையில் தூண்டில் போடப் போயிருக்கிறார்கள். றிபாத் தேத்தண்ணிப் போத்தல் எடுக்கக் கார் வரைக்கும் போனான். திரும்பி வந்தபோது பாறை நனைந்திருந்தது. தூண்டில் கிடந்தது, வாளி கிடந்தது, ஆள் இல்லை. போன் சுபாசின் காற்சட்டைப் பையில் இருந்தது. ஹெலிகொப்டர் தேடியது, வள்ளம் தேடியது. சில நாட்களில் நிற்பாட்டிவிட்டார்கள்.

பேசாலைக் கடலில் வளர்ந்தவன் அலையில் போவானோ என்று சனம் கேட்டது. பிலிப்பு மட்டும் கேட்கவில்லை. அவருக்குக் கடலைத் தெரியும்.

அடுத்த வியாழக்கிழமை, அணிகளைக் குறிக்கச் சொல்லி அவளுடைய போன் வழமைபோல் ஞாபகப்படுத்தியது. செத்தவீட்டுச் சனம் முற்றத்தில் இருக்க, ஜெஸ்லியாவின் விரல் தன்பாட்டில் தட்டித் தட்டி எல்லாவற்றையும் குறித்துவிட்டது. பிறகு வெட்கமாக இருந்தது. மறுநாள் பூட்டு விழுந்ததும் திறந்து பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

அவள் பெயருக்குக் கீழே அவன் பெயர். அதற்கு நேரே அந்த வாரத்துத் தெரிவுகள், ஒன்று விடாமல்.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புனிதர்களைக் குறித்திருந்தான், அதை எப்படியும் குறிப்பான். அன்னங்கள்: அவங்களுக்கு இப்ப நல்ல காலமடி. காகங்கள்: மற்ற ரீமில ரெண்டு பேருக்குக் காயம். ஒவ்வொரு தெரிவுக்கும் உரிய காரணம் அவனுடைய குரலிலேயே அவளுக்குக் கேட்டது. அந்த வாரம் அவன் குறித்ததில் அரைவாசிக்கு மேல் சரிவந்தது.

இரண்டாம் வாரமும் அப்படியே. புனிதர்களையே குறித்திருந்தான்.

முப்பத்தோராம் நாள் நெருங்கியது. பிலிப்புவின் தம்பி கடலில் போனபோது செய்தது போல, உடுப்பைப் பெட்டிக்குள் வைத்துச் சேமக்காலையில் அடக்கிப் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று பங்குச் சுவாமி சொன்னார். மெழுகுதிரி கொளுத்த ஒரு மண்மேடு வேண்டும் என்று மாமி கெஞ்சினாள்.

"அந்தச் சால்வையைத் தா பிள்ளை."

"தரமாட்டன்."

"ஏனம்மா?"

"அவர் இருக்கிறார், மாமி." போனைக் காட்டினாள். "மூண்டாம் கிழமையும் போட்டிருக்கிறார். பாருங்கோ."

மாமி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "புனிதர் எங்க?"

"அவங்களுக்கு இந்தக் கிழமை ஓய்வு."

பிலிப்பு எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குள்ள போன போன்..." என்று தொடங்கி, முடிக்காமல் வெளியே போனார்.

அதன் பிறகு பெட்டியைப் பற்றி மாமி பேசவில்லை. ஒழுங்கையில் கொடி கட்ட வந்த பொடியன்களை ஜெஸ்லியா திருப்பி அனுப்பினாள். சாப்பாட்டு நேரத்தில் மாமி ஒரு கோப்பையைக் கூடுதலாகக் கழுவி வைத்தாள். அதில் சோறு போடவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் கழுவினாள். அயல்வீட்டாள் வந்து எட்டிப் பார்த்தால் போனைச் சேலைக்குள் மறைத்தார்கள். என்ன போடப்போறானோ, என்ன போடப்போறானோ என்று வீடு வெள்ளிக்கிழமைக்காக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

நாலாம் வாரம் சனிக்கிழமை புனிதர்கள் தங்கள் சொந்த மைதானத்தில் ஆட இருந்தார்கள். எதிரே பிசாசுகள்.

வெள்ளிக்கிழமை சோளகக் காற்று மணலை வாரி யன்னலில் அடித்தது. மூன்று மணிக்குப் பிறகு பூட்டு விழுந்தது. ஜெஸ்லியா திறந்தாள். ஒருமுறை பார்த்தாள். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாள்.

"என்ன போட்டிருக்கிறான்?" என்றாள் மாமி.

போனை நீட்டினாள்.

சுபாசின் பெயருக்கு நேரே பிசாசின் சின்னம் இருந்தது.

மாமி சிலுவை அடையாளம் போட்டாள். "இது என்ர பிள்ளை இல்லை."

"பின்னை ஆர், மாமி?"

மாமி சுவரோடு ஒண்டிக்கொண்டாள். அவன் பெயரைப் போட்டுக்கொண்டு, நாலு வாரமாக அந்த வீட்டுக்குள் வந்துபோன ஒன்றைப் பார்ப்பது போல் போனைப் பார்த்தாள். பிலிப்பு அதை வாங்கி, அந்தோனியார் சுருபத்தடியில் கவிழ்த்து வைத்தார். உள்ளே வேறு இரண்டு அணிகளின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்ததை ஒருவரும் நிற்பாட்டவில்லை. கவிழ்ந்த போனுக்குள் இருந்து சனத்தின் இரைச்சல் கடல் மாதிரி எழும்பி விழுந்தது. பிறகு, ஆட்டம் முடிந்ததென்று நீளமாக ஒரு சைரன்.

ஜெஸ்லியாதான் எழும்பினாள். போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கரைவரைக்கும் நடந்தாள்.

"றிபாத், அவற்ற போன் ஆரிட்ட இருக்கு?"

"போனோ? அது அவனோட போயிட்டுது அக்கா. ஏன்?"

"நாளைக்குப் பிசாசு வெல்லுமெண்டு போட்டிருக்கிறார்."

"அக்கா, அது அவன் போடேல்லை. ஆரும் போட மறந்தா மெசின் தானாப் போடும். எப்பவும் வந்தாடுற ரீமுக்குத்தான் போடும். சொந்த மைதானத்தில நிக்கிறவனுக்கு இல்லை, வெளியில இருந்து வந்து ஆடுறவனுக்கு."

"எல்லாக் கிழமையுமோ?"

"எல்லாக் கிழமையும். நீங்கள் பாக்கிறது எனக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சிருந்தா..."

போனைக் காதில் இருந்து எடுத்துப் பழைய வாரங்களைத் திறந்தாள். அன்னங்கள் வந்தாடிய அணி. காகங்கள் வந்தாடிய அணி. புனிதர்களும் முதல் இரண்டு வாரமும் வேறு ஊருக்குப் போய்த்தான் ஆடியிருந்தார்கள். அவனுடைய குரலில் அவளுக்குக் கேட்ட காரணங்கள் எல்லாம் அவளுடையவை.

"அக்கா? நிக்கிறீங்களோ?"

"நிக்கிறன்."

"போட்டியில இருந்து பேரை எடுக்கட்டோ எண்டு சூப்பவைசர் கேட்டவர். எங்களுக்கு மனம் வரேல்லை. நீங்கள் சொன்னா எடுக்கச் சொல்லுறன்."

"வேண்டாம். கிடக்கட்டும்."

"வந்தாடுறவன் வெல்லுறது கஷ்டம், அக்கா. ஆனா அவன் இப்ப உங்களுக்கு மேல நிக்கிறான்."

அவள் அப்போதுதான் அழுதாள். கரையில் காயப்போட்ட நெத்தலியை விரட்டி விரட்டிக் காற்று அடித்தது.

வீட்டுக்குள் வந்து அலுமாரியைத் திறந்தாள். "பெட்டி செய்யச் சொல்லுங்கோ மாமா" என்றாள். மாமி கூடுதலாகக் கழுவி வைத்திருந்த கோப்பையை எடுத்து மற்றக் கோப்பைகளோடு அடுக்கினாள். மறுநாள் பிசாசுகள் வென்றார்கள்.

முப்பத்தோராம் நாள் ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி கட்டினார்கள். காற்றில் அவை ஆடின. ஜெஸ்லியா அண்ணாந்து பார்க்கவில்லை. பெட்டிக்குள் ஒரு சேட்டும் அந்தச் சால்வையும் மட்டும் இருந்தன. தூக்கிய நாலு பேருக்கும் அது பாரமே இல்லை. ஆனாலும் பாரம் சுமப்பவர்கள் போல் முதுகை வளைத்து, ஆறுதலாக அடியெடுத்து வைத்துக் கோயில் வரைக்கும், அங்கிருந்து சேமக்காலை வரைக்கும் நடந்தார்கள். அதற்காக அவள் அவர்களை என்றைக்கும் மறக்கமாட்டாள். மாமி முதல் மெழுகுதிரியைக் கொளுத்தினாள். காற்று அணைத்தது. திரும்பக் கொளுத்தினாள்.

அடுத்த வியாழக்கிழமை பின்னேரம் ஜெஸ்லியா கிணற்றடியில் ஓரா வெட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பூட்டு விழும், நீ இன்னும் ஒன்றும் குறிக்கவில்லை என்று போன் ஞாபகப்படுத்தியது. அவள் கை கழுவவில்லை. குறிக்காமல் விட்டால் அவளுக்கும் மெசினே போடும்; அவனுக்குப் போடுவதைத்தான் போடும்.

பூனை முன்னால் இருந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.